பல்லி இல்லாத ஊரில் ஒரு கீச்சு

விடியப்புறம் மூன்று மணிக்கு ‘கீச்’ என்று ஒரு சத்தம். கொழும்பில் வெள்ளவத்தை வீடென்றால் பல்லி சொல்லுது என்று விரலால் மூன்று தரம் தட்டிவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். ரொறன்ரோவில், தை மாதத்துப் பனிக்குள் பல்லிக்கு எங்கே போவது? ஒரு நிமிடத்தில் மறுபடியும் ‘கீச்’. காலி வீதி பஸ் ஹோர்னுக்கும் கரையோர ரயிலுக்கும் அசையாத நித்திரை இதற்குக் கலைந்துவிடும்.

சத்தம் போடுவது சீலிங்கில் இருக்கும் புகை அலாரம். 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சு வந்தால் நெருப்பில்லை, பெரும்பாலும் பற்றரி இறங்கிவிட்டது. வீடு குளிரும்போது பழைய பற்றரியின் வோல்ற் இன்னும் விழும், அதனால்தான் விடியப்புறம் தொடங்குகிறது. காலையில் சூடேறியதும் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விடாதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள்.

வீட்டு மின்வயரோடு இணைத்த அலாரமென்றால் முதலில் பிறேக்கரை நிறுத்துங்கள். மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினால் அநேகமானவை கழன்று வரும். 9 வோல்ற் சதுரப் பற்றரியா, டபிள் ஏயா என்று பார்த்துப் புதிதாகப் போடுங்கள். போட்டும் கீச்சிட்டால் பற்றரியைக் கழற்றி, ரெஸ்ற் (சோதனை) பட்டனை 15, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய மின் போய்விடும். பிறகு பற்றரியைப் போட்டுச் சோதியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பின்பக்கத்தில் தயாரித்த திகதியைப் பாருங்கள். 10 வருடம் கடந்திருந்தால் முழு அலாரத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தால் வீட்டு மின்சாரம் வருகிறது. நிமிடத்துக்கொருமுறை சிவப்பு சிமிட்டுவது பல மொடல்களில் வழமைதான். மூன்று நீண்ட சத்தம், இடைவெளி, மறுபடி மூன்று என்றால் புகை. நான்கு சத்தம், இடைவெளி, மறுபடி நான்கு என்றால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டுக்குமே பிள்ளைகளோடு வெளியே போய் நின்று 911க்கு அடியுங்கள்.

நம்மவர் வீடுகளில் பெரிய வழக்கு செத்தல் மிளகாய்தான். வெள்ளவத்தைக் குசினியில் தாளித்தால் புகையைக் கடற்காற்று கொண்டுபோகும், பக்கத்து வீட்டுக்கு இன்றைய கறி தெரிந்துவிடும். இங்கே பூட்டிய ஜன்னலில் முட்டி அது நேரே அலாரத்துக்குப் போகிறது. மின்னூட்டிய காற்றால் புகையை உணரும் அயன் வகை அலாரம் தாளிப்பின் நுண்புகைக்கு உடனே கத்தும். குசினிப் பக்கத்துக்கு, வெளிச்சத்தால் புகையை உணரும் ஒளிமின் வகை நல்லது, அடுப்பிலிருந்து 3 மீற்றராவது தள்ளி. சத்தத்தைச் சற்று நிறுத்தும் ஹஷ் பட்டன் இருந்தால் அழுத்துங்கள், பத்து நிமிடமளவில் அமைதி கிடைக்கும். ஷொப்பிங் பையால் மூடுவதும், பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஒன்ராறியோவில் அலாரத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது குற்றம். வாடகை வீடென்றால் திருத்தித் தரவேண்டியவர் வீட்டுக்காரர்.

இரண்டு பனிக்காலம் போனதும், எல்லாம் பழகிவிட்டது என்று கொழும்புக்கு போனில் சொல்லுவோம். சொல்லிக்கொண்டிருக்கையில் அந்தப் பக்கம் பல்லி சொல்லும். அம்மா கதையை நிறுத்தி, மேசையில் மூன்று தரம் தட்டுவது கேட்கும்.