கதிர் வந்த தேதி

விளைச்சலுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறைக்க மூன்று போகம் ஆனது. குளிர்ப் பிரதேசத்தில் வருஷத்துக்கு ஒரே போகம் என்பதால், மூன்று வருஷம்.

சில நூறு நெல் ரகங்களின் டி.என்.ஏ.வைப் படித்து, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை வயலில் அளந்த குணத்தோடு பொருத்துவது என் வேலை. நெல்லுக்கு 12 குரோமோசோம், சுமார் 39 கோடி எழுத்துகள். கணினி வேலை இதில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் எண்ணுவதுதான்: செடிக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, அதில் எத்தனை பதர், ஆயிரம் மணி என்ன எடை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் விளைச்சல். முதல் போகத்தில் முற்றிய மணிகளை மட்டும் எண்ணிவிட்டுப் பதரைக் கொட்டிவிட்டேன்.

கணக்குப் போட்டதும் படத்தில், ஏழாவது குரோமோசோமில், எழுத்து மாற்றம் குணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் புள்ளிகள் கோபுரமாக எழுந்து நின்றன. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் மூத்த ஆய்வாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கதிர் வந்த தேதியைச் சேர்த்தீங்களா?”

சேர்க்கவில்லை. அந்த இடத்தில் இருப்பது ஜிஎச்டி7. 2008-லேயே அடையாளம் கண்ட மரபணு. பகல் நீளமாக இருந்தால் கதிர் வருவதைத் தள்ளிப்போடும்; அதற்கு ஈடாகச் செடி உயரும், மணிகள் கூடும். வடக்கே கோடையில் பகல் நீளம், ஆனால் கோடையே குறுகியது. தாமதமாக வரும் கதிர் குளிரில் மாட்டிக்கொள்ளும். சீனாவின் ஹெய்லோங்ஜியாங்கில் விளைந்த ஹெஜியாங் 19 ரகத்தில் இந்த மரபணு வேலை செய்வதில்லை. வேலை செய்யாததால்தான் அவ்வளவு வடக்கே நெல் விளைகிறது! மணிகளை விட்டுக்கொடுத்து நாட்களை வாங்கிய பயிர் அது. நான் விளைச்சல் என்று பிடித்தது உண்மையில் நாட்களைத்தான்.

சரி, தேதியைச் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டேன். கோபுரம் சரிந்தது. அப்புறம் இன்னொரு சிக்கல்: இந்த ரகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். மணி அதிகமுள்ள ஒரு மூதாதை விட்டுப்போன அடையாளம் எல்லாமே மணிக்குக் காரணம் போலத் தெரியும். அந்தச் சொந்தத்தையும் கணக்கில் கழித்த பிறகு மிஞ்சியவை சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேட்டின் கீழும் பல மரபணுக்கள் சேர்ந்தே கிடக்கும். அதில் ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இரண்டாம் போகத்தில், பயிர் தொண்டைக்கதிராக, அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருந்தபோது, சில நாள் கடுங்குளிர் அடித்தது. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் மகரந்தம் உருவாகும். அப்போது குளிர் பட்டால் மகரந்தம் மலடாகிவிடும். செடி பச்சையாகவே இருக்கும். அறுவடை நெருங்கும்போதுதான் தெரியும்: தலை சாய வேண்டிய கதிர்கள் நெட்டுக்குத்தாக நின்றன, உள்ளே பாரமில்லை. 1993-ல் ஜப்பானில் இப்படியொரு குளிர்க்கோடையில் விளைச்சல் விழுந்து, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. இப்படிக் குளிர் அடிக்கும் நாட்களில், ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவின் விவசாயிகள் வயலில் ஆழமாக நீர் கட்டுவார்கள். தண்டுக்குள் இருக்கும் இளங்கதிரை, காற்றைவிட வெதுவெதுப்பான தண்ணீர் காக்கும்.

அந்த வருஷமும் சில ரகங்களில் பதர் குறைவாக இருந்தது. எனக்கு வேண்டியது அவைதான். நல்ல வருஷத்தில் அவற்றின் பதர் எவ்வளவு என்று ஒப்பிடத் தேடினேன். அதைத்தான் கொட்டிவிட்டேனே. ‘மணி குறைவு’ என்று நான் குறித்த ரகங்களில் எது பிறவியிலேயே குறைவு, எது நிரம்பாமல் போனது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஒரு முழுப் போகம்.

தாங்கும் குணம் எங்கிருந்தும் வரலாம். ஹொக்கைடோவில் குளிர் தாங்குவதற்காக உருவாக்கிய நோரின்-பிஎல்8 என்ற நெல், அந்தக் குணத்தை இந்தோனேசியாவின் சிலேவா ரகத்திலிருந்து பெற்றது. இது தெரிந்ததிலிருந்து பட்டியலில் எந்த ரகத்தையும் நான் ஒதுக்குவதில்லை.

இப்போது ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு உறை. ஒன்றில் மணி, ஒன்றில் பதர். இரண்டின் மேலும் முதல் வரியில் கதிர் வந்த தேதி.