சோலார் லாந்தர் வாங்குவதற்கு முன் பேனலைப் பாருங்கள்

போன வாரம் தங்கை போன் செய்தாள். "மழை ஆரம்பிக்கப் போகுது, எங்க அத்தை வீட்டுக்கு ஒரு சோலார் லைட் வாங்கி வைக்கலாம்னு இருக்கேன், எதுண்ணே நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். போனிலேயே முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அவளிடம் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி உள்ளே வந்தபோது எங்கள் பகுதியில் தென்னைகள் வேரோடு சாய்ந்ததும், மின்கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும். நான் சென்னையிலிருந்து மூன்றாம் நாள்தான் வீடு போய்ச் சேர முடிந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. வீட்டில் அப்போது இரண்டு விளக்கு இருந்தன. ஒன்று பழைய சார்ஜ் லைட், பெட்டி மாதிரி கனமாக இருக்குமே, அது. அலமாரியில் ஒரு வருடமாகச் சும்மா கிடந்ததில் உள்ளே இருந்த ஈய-அமில பேட்டரி செத்துப் போயிருந்தது. அந்த வகை பேட்டரியை சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் பிளக்கில் மாட்டினாலும் ஏறாது.

இன்னொன்று நானே ஆன்லைனில் வாங்கி அனுப்பிய சோலார் லாந்தர். தலையில் சின்னதாக ஒரு பேனல், இழுத்தால் நீளும், கொக்கியில் மாட்டலாம், பார்க்க அழகாக இருக்கும். முதல் இரண்டு இரவு நன்றாக எரிந்திருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அம்மா அதைக் காலையில் கிணற்றடித் திட்டில் வைத்து, வெயில் நகர நகரத் தானும் நகர்த்தி வைத்து, சாயங்காலம் எடுத்து வந்து எரியவிட்டால் ஒரு மணி நேரத்தில் மங்கிப் போகும். "வெயில் நல்லாத்தானே அடிச்சுது, ஏன் தம்பி ஏறல?" என்று அம்மா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, வேலை செய்யாத ஒரு பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் ரொம்ப நாள் இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு ரொம்ப எளிது. அந்த விளக்கின் தலையில் இருந்த பேனல் இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவு. அந்த அளவில் உச்சி வெயிலிலேயே அரை வாட்தான் கிடைக்கும். நம் ஊரில் ஒரு நாள் முழுவதும் அடிக்கும் வெயிலைச் சுருக்கினால் ஏறக்குறைய 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு நாளைக்கு 2.5 வாட்-அவர் (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் கிடைத்தால் அது ஒரு வாட்-அவர்), அதில் சூட்டிலும் சர்க்யூட்டிலும் போவது போகக் கையில் நிற்பது 1.75. பேட்டரியோ 3.7 வோல்ட், 4000 எம்ஏஎச் கொள்ளளவு, அதாவது கிட்டத்தட்ட 15 வாட்-அவர். சுழியத்திலிருந்து நிரம்ப எட்டு ஒன்பது நாள் நல்ல வெயில் வேண்டும்! அம்மா என்ன செய்தாலும் அது ஏறியிருக்காது. இப்படித் தலையில் குட்டி பேனல் வைத்து வருகிற விளக்கு எல்லாமே உண்மையில் பிளக்கில் சார்ஜ் செய்ய வேண்டிய விளக்குதான், வெயில் அதற்கு ஒத்தாசை மட்டும்.

அதனால் கடையில் எத்தனை லூமன், அதாவது எவ்வளவு வெளிச்சம், என்று பார்ப்பதற்கு முன் பேனல் எத்தனை வாட், அது தனியாக ஒயரோடு வருகிறதா என்று கேளுங்கள். 3 வாட் தனி பேனல் இருந்தால் அதே கணக்கில் ஒரு நாளைக்குப் பத்து வாட்-அவர் உள்ளே போகும், அது 150 லூமன் வெளிச்சத்தில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நடுராத்திரி வரை எரியப் போதும். ஒயர் மூன்று நான்கு மீட்டராவது இருக்கட்டும். பேனல் கூரையில் இருக்கும், விளக்கு நிழலில் வீட்டுக்குள் இருக்கும். இதில் இன்னொரு லாபம், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் குறையும், தலையில் பேனல் உள்ள விளக்கை மொட்டை மாடியில் வைத்தால் மதியம் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது.

பேனலைத் தரையில் மல்லாக்கப் போடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். 3 வாட் பேனல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும், அதன் வடக்கு ஓரத்துக்குக் கீழே ஒரு செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி அண்டக் கொடுத்தால் பேனல் தெற்கு பார்த்து முப்பது டிகிரி சாய்ந்து நிற்கும், அந்த மாதங்களுக்கு அது சரியான சாய்வு. முக்கியமாக, கொடியில் காயும் துணியின் நிழலோ தென்னங்கீற்றின் நிழலோ ஓரத்தில்கூட விழக் கூடாது. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கும், ஒரு செல் நிழலில் மாட்டினால் மொத்த வரத்தும் படுத்துவிடும்.

இதை நான் கொல்லிமலையில் கண்ணால் பார்த்தேன். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஒரு மிளகுத் தோட்டத்தில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்கினோம், நண்பர்கள் குடும்பத்தோடு ஒன்பது பேர். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியுமாக எங்கு பார்த்தாலும் நிழல். பேனலை விரித்து வைத்தும் பகல் முழுக்க ஒன்றும் ஏறவில்லை. மலைக்காட்டுக்குள் முகாம் போகிறவர்கள் சோலாரை நம்பிப் போகாதீர்கள், வீட்டில் பிளக்கில் முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள், கூட ஒரு பவர் பேங்க். அங்கே வேண்டியது எடை குறைந்த விளக்கு, மங்கலாக வைத்தால் இரண்டு இரவு தாங்குவது, தூறலுக்குக் கெடாதது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஐபி65 இருந்தால் சாரலடித்தாலும் கவலையில்லை. டென்டுக்குள் 50 லூமனே கண்ணைக் கூசும்.

வீட்டுக்கும் பெரிய லூமன் தேவையில்லை என்பதுதான் என் அனுபவம். பழைய 40 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 450 லூமன் தரும், அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே சமைக்கலாம், சாப்பிடலாம், பிள்ளைகள் படிக்கலாம். மஞ்சள் கலந்த வெளிச்சமாகப் பாருங்கள், 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும், மழை விட்ட அன்று ஈசல் சோற்றில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று. பெட்டியில் ஒரே ஒரு 18650 செல் போட்டு 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது பொய். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே 3500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான் நிற்கிறது. எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிடைத்தால் அதை வாங்குங்கள், நம் ஊர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும், சாதாரண லித்தியம் அயனைவிடப் பல மடங்கு முறை ஏற்றி இறக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்பதும் முக்கியம், இல்லையென்றால் மூன்று நான்கு வருடத்தில் மொத்த விளக்கும் குப்பைக்குப் போகும். விளக்கிலிருந்து போனுக்கு ஏற்றலாம் என்று விளம்பரம் செய்வார்கள், ஒரு போன் முழுதாக ஏறவே 18, 19 வாட்-அவர் வேண்டும், 15 வாட்-அவர் விளக்கை முழுதாகக் காலி செய்தாலும் போன் ஏறக்குறைய பாதிதான் ஏறும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அம்மாவின் பழைய லாந்தரில் ஒரே பொத்தான், அதை அமுக்க அமுக்க அதிகம், குறைவு, சிவப்பு, விட்டுவிட்டு எரிவது என்று போய்க் கடைசியில்தான் அணையும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் கையில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வார்? இருட்டில் தடவினால் தட்டுப்படுகிற, ஒரு திருகில் எரிந்து மறு திருகில் அணைகிற விளக்கு வயதானவர்களுக்கு நல்லது.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: 3 வாட் தனி பேனல், எல்எஃப்பி பேட்டரி, டைப்-சி வழியாகவும் ஏறுகிற மாதிரி. புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் பிளக்கில் நிரப்பச் சொல், மேகமூட்டத்தில் பேனல் நாலில் ஒரு பங்குகூடத் தராது. காற்று ஓயும்வரை பேனலைக் கூரையில் விடாமல் கழற்றி உள்ளே வைக்கச் சொல்.

அம்மாவிடம் இப்போது அப்படி ஒரு விளக்கு இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை வீடு கழுவி விளக்கெல்லாம் துலக்குகிற அன்று இதையும் எடுத்து ஒரு மணி நேரம் எரியவிட்டு, துடைத்து, பிளக்கில் மாட்டிவிட்டுத்தான் சமையலுக்குப் போவார். பேனலின் செங்கல் கிணற்றடியில் அப்படியே இருக்கிறது.