முள் சிவப்பில், இன்ஜின் சூடு சரியாக

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பழைய டீசல் காரின் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் மேலே போவது சகஜம். ஆனால் என் காரில் சமவெளியில் சும்மா ஓட்டினாலே முள் சிவப்பை ஒட்டி நிற்க ஆரம்பித்தது. காட்டிய மெக்கானிக் ஷாப்பில், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிவிடலாம் என்றார்கள். அது பெரிய வேலை, பெரிய செலவு. அதற்கு முன் இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா என்று பார்த்துவிட நினைத்தேன்.

கேஸ்கெட் போயிருந்தால் ஏதாவது தடயம் இருக்கும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) குறையும், ரிசர்வ் டேங்கில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஆயில் பால் கலந்தது போல ஆகும். என் வண்டியில் ஒன்றும் இல்லை. (ரேடியேட்டர் மூடியை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.) அப்புறம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடேறும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) ஹவுசிங்கில் பிடித்தேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். அதனால் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடித்தேன். 85 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டியது. 82-ல் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது சரியான சூடு. முள் மட்டும் சிவப்பில்.

அடுத்து சென்ஸார். இதில் இருப்பது ஒற்றை வயர் சென்ஸார். எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) இன்ஜின் பிளாக் வழியாகவே கிடைக்கிறது. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், முள் மேலே போகும். சாவியை ஆன் செய்து வயரைக் கழற்றினேன். முள் அடிவரைக்கும் இறங்கியது. அப்படியென்றால் வயர் வழியில் எங்கும் பாடியில் உரசவில்லை. சென்ஸாரைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அதன் முனையை முக்கிச் சூடாக்கி மல்டிமீட்டரில் பார்த்தேன். 40 டிகிரியில் 290 ஓம்ஸ் அளவு, 90-ல் 50-க்குப் பக்கம். வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும், ஆனால் இப்படிச் சீராக இறங்கினால் சென்ஸார் நல்ல சென்ஸார்தான். திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள்; எர்த் கெட்டு முள் குறைவாகக் காட்டும்.

விஷயம் பிடிபட்டது இரவில்தான். ஹெட்லைட்டைப் போட்டதும் டெம்பரேச்சர் முள் மெதுவாக இன்னும் மேலே நகர்ந்தது. பக்கத்தில் டீசல் முள்ளும் கூடவே நகர்ந்தது! லைட் போட்டால் டேங்கில் டீசல் கூடுமா? இரண்டு மீட்டருக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு.

இந்த மாதிரி பழைய வண்டிகளில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். பேட்டரி 12, 14 என்று மாறினாலும் இரண்டு மீட்டருக்கும் சராசரி 10 வோல்ட் அளவுக்கே கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு உலோகப் பட்டை சூடாகி வளைந்து கரண்டை விட்டு விட்டு அனுப்பும். அந்தப் பட்டை சூடாக ஸ்டெபிலைசரின் பாடிக்கு எர்த் வேண்டும். எர்த் போனால் விட்டு விட்டுக் கொடுப்பது நின்று, முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும்.

மல்டிமீட்டரை அதன் அவுட்புட்டில் வைத்தேன். குதிக்க வேண்டிய எண் 13-க்கு மேல் அசையாமல் நின்றது. ஒரு வயரால் ஸ்டெபிலைசரின் பாடியை பேட்டரி நெகட்டிவோடு சேர்த்ததும் எண் குதிக்க ஆரம்பித்தது. இரண்டு முள்ளும் அவசரமில்லாமல் இறங்கின. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் பச்சையும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டேன். புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை.

டீசல் முள்ளும் இதுவரை அதிகமாகத்தான் காட்டியிருக்கிறது. அதை நம்பி டேங்க் காலியாகியிருந்தால் லைனில் காற்று ஏறி, வழியில் நின்று அந்தக் காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டியிருந்திருக்கும்.

உங்கள் முள் எப்போதும் கீழேயே கிடந்தால், முதலில் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் ஊருக்கு எதற்கு என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சூடேறாத டீசல் இன்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். கூலன்ட் அளவையும் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் சென்ஸார் வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழேயே இருக்கலாம்.