மரத்தடியில் ஏன் பள்ளம் இல்லை?

ஜூன் 18

ஏழாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை இன்று தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைக் காட்டி, "இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "மண்ணிலிருந்து" என்றார்கள். இரண்டு மூன்று பேர் "தண்ணீர்" என்றார்கள். காற்று என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன என்று போன வருடத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் இவர்கள்.

விடை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "மண்ணிலிருந்து வந்திருந்தா மரத்தடியில பள்ளம் விழுந்திருக்கணுமே டீச்சர்?" என்றாள்.

வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்குப் போய்விட்டது. மரத்தடி மேடாகத்தான் இருந்தது. இதற்குப் பிறகு நான் விடை சொன்னால் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியதாக ஆகும். சொல்லவில்லை.

ஜூன் 19

வான் ஹெல்மாண்ட் என்ற ஐரோப்பிய அறிஞரின் கதையைச் சொன்னேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு உட்கார்ந்தவர். உலர்த்திய மண் 200 பவுண்டு நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். தூசி விழாதபடி துளையிட்ட தகரத்தால் மூடி, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால், குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான்.

"உதிர்ந்த இலையெல்லாம் கணக்குல வந்துதா?" என்று ஒருவன் கேட்டான். வரவில்லை, நான்கு இலையுதிர் காலங்களின் இலைகளை நிறுக்கவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தன் கணக்கில் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்ததையும் சொன்னேன். அது சரியா என்று கேட்டார்கள். "நாமே செய்து பார்க்கலாமா?" என்றேன்.

ஜூன் 24

மரத்துக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க முடியாது. சூரியகாந்தி என்று முடிவானது. தொட்டிக்கு 2 கிலோ மண், மூன்று தொட்டிகள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது.

எல்லாம் முடிவான பிறகு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். "நாலாவதா ஒரு தொட்டி வைக்கலாமா டீச்சர்? அதுல செடி வேண்டாம். மண்ணு மட்டும். அதுக்கும் தண்ணி ஊத்தணும்."

ஏன் என்றேன். "செடி இல்லாமலே மண் குறைஞ்சா?" என்றான்.

கட்டுப்பாட்டுச் சோதனை என்ற சொல்லைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்தச் சொல் தெரியாத ஒரு பிள்ளை அந்தப் பொருளைத் தானாகவே கண்டுபிடித்ததை இன்றுதான் பார்த்தேன். படைப்பாற்றல் என்றால் ஓவியமும் கவிதையும்தான் என்று நாம் வைத்திருப்பது பெரிய தவறு. வெறும் தொட்டி ஒன்றைக் கற்பனை செய்ய எவ்வளவு வேண்டியிருக்கிறது!

ஜூலை 1

உலர்வதற்காகத் தட்டுகளில் பரப்பிய மண்ணைத் தினமும் நிறுத்துப் பார்த்தோம். இரண்டு நாளாக எடை மாறவில்லை. விதைத்தாயிற்று.

ஜூலை 22

இரண்டாம் தொட்டியில் ஒரு புழு ஒரு முழு இலையைத் தின்றுவிட்டது. கொல்லலாமா கூடாதா என்று அரை மணி நேர விவாதம். "இலையோட எடை இப்போ புழுவுக்குள்ள இருக்கு" என்றாள் ஒருத்தி. புழுவை வெளியே வேறொரு செடியில் விட்டார்கள்.

ஆகஸ்ட் 6

பாடத்திட்டத்தில் பின்தங்கியிருக்கிறேன். மூத்த ஆசிரியர் ஒருவர், விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும்படி அன்பாகத்தான் சொன்னார். அவர் கவலை நியாயமானது, எனக்கும் அது உண்டு. இருந்தாலும் இந்த மூன்று செடிகளையும் விட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 27

செடிகளைப் பிடுங்கினோம். மெல்லிய வேர்கள் மண்ணோடு பின்னிக் கிடந்தன. இரண்டு வகுப்பு நேரமும் சல்லடையும் கையுமாக வேர் பொறுக்கினார்கள். அப்புறம் மண்ணும் செடிகளும் தனித்தனியே வெயிலில்.

செப்டம்பர் 4

இன்று நிறுத்தோம். காய்ந்த செடிகள் 17, 21, 19 கிராம். அந்தந்தத் தொட்டி மண்ணில் குறைந்தது 29, 34, 31 கிராம்.

வகுப்பில் ஒரே ஆரவாரம். "மண்ணுதான்! நாங்க சொன்னோம்ல!" அந்தப் பையன் மட்டும் பேசாமல் நாலாவது தொட்டியின் மண்ணைத் தராசில் வைத்தான். குறைந்தது 30 கிராம்.

சத்தம் அப்படியே அடங்கியது. செடியே இல்லாத தொட்டியிலும் அதே அளவு போயிருக்கிறது. தண்ணீரோடு அடித்துளை வழியாகக் கசிந்த துகள்கள், உலர்த்தியதில் இருந்த வித்தியாசம் என்று காரணங்களை அவர்களே அடுக்கினார்கள். வெறும் தொட்டியோடு ஒப்பிட்டால் முதல் தொட்டி மண் ஒரு கிராம் கூடியிருக்கிறது! பொறுக்கத் தவறிய வேராக இருக்கலாம் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும், 19 கிராம் செடியை மண் கொடுத்திருக்க வழியில்லை.

"நம்ம அளவுல நாலஞ்சு கிராம் தப்பு இருக்கலாம்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டாள் ஒருத்தி. எழுதிக்கொண்டோம்.

அப்படியானால் தண்ணீரா? வான் ஹெல்மாண்ட் சொன்னது சரியா? "தண்ணிதான் காஞ்சு போச்சே. காஞ்ச பிறகும் 19 கிராம் இருக்கே" என்றான் ஒருவன். செடி தண்ணீரை வேறொன்றாக மாற்றியிருக்கலாமே என்றான் இன்னொருவன். நல்ல மறுப்பு. இதுவும் உடனே தீரவில்லை.

செப்டம்பர் 8

"எரிச்சுப் பார்த்தா என்ன?" என்று பள்ளத்தைக் கேட்ட அதே மாணவிதான் கேட்டாள். திறந்த வெளியில், வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, காய்ந்த செடி ஒன்றை இரும்புத் தட்டில் நானே எரித்தேன். 19 கிராமில் மிஞ்சியது 2 கிராம் சாம்பல்.

"மண் கொடுத்தது இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். ஆம், சாம்பலில் இருப்பது பெரும்பாலும் வேர் வழியே வந்த தாதுக்கள். மற்றதெல்லாம் எங்கே? எல்லாரும் புகை போன திசையைப் பார்த்தார்கள். "காத்துக்குப் போச்சு" என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரல், மெதுவாக: "காத்துல இருந்துதான் வந்துதா?"

பன்னிரண்டு வாரமாக இந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

வான் ஹெல்மாண்ட் கதையின் மறுபாதியை இப்போதுதான் சொன்னேன். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல் மிஞ்சும், மற்றது கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் போய்விடும் என்று எழுதியவரும் அவர்தான். 'வாயு' என்று நாம் சொல்வதற்கு ஐரோப்பிய மொழிகளில் 'கேஸ்' என்ற சொல்லைக் கொடுத்தவரே அவர். மரம் ஒரு கையில், அந்த மரம் ஆகிப்போகும் வாயு மறு கையில். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1804இல், தெ சொசூர் என்ற சுவிஸ் அறிஞர் செடியின் எடையில் கார்பன் டை ஆக்சைடுக்கும் தண்ணீருக்கும் உள்ள பங்கை அளந்து காட்டினார். வான் ஹெல்மாண்ட் சொன்ன தண்ணீருக்கும் அதில் இடம் உண்டு. காய்ந்த செடியில் ஏறக்குறைய பாதி எடை கார்பன். அது காற்றிலிருந்து வந்தது.

"பாவம் டீச்சர் அவர்" என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 15

ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய அளவீட்டின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். அப்போது காற்றில் 10 லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறக்குறைய 315 கார்பன் டை ஆக்சைடு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நான் விளக்கவில்லை. ரம்பப் பல் போல அது ஏறி இறங்குவதை முதலில் கவனித்தது அவர்கள்தான். ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் வாக்கில் அடி.

"செடி வளர்ற நேரத்துல இறங்குது" என்றான் அந்த அமைதியான பையன். பூமியின் வட பாதியில் நிலமும் காடும் அதிகம் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். "ஆனா இறங்கினதைவிட ஒவ்வொரு வருஷமும் கூட ஏறுது. நிலக்கரியும் பழைய செடிதானே? அதையும் எரிக்கிறோம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இரண்டு கிராம் சாம்பல் இன்னும் அவர்கள் மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

செப்டம்பர் 16

காலையில் வந்து பார்த்தால் கரும்பலகையில் ஒரு கேள்வி: "உதிர்ந்த இலையை யாரும் எரிக்கலை. அது எங்கே போகுது?" மதியத்துக்குள் வலைப்பைகள் தைத்து, பைக்கு 20 கிராம் காய்ந்த இலை போட்டு, மரத்தடியில் ஆறு பைகளைப் புதைத்தார்கள். மாதம் ஒரு பையாகத் தோண்டி நிறுப்பதாகத் திட்டம். ஆறாவது பைக்குள் இலை போடவில்லை, கிழித்த பிளாஸ்டிக் தாள் 20 கிராம். யார் யோசனை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.