மேன் பக்கத்தில் காணாமல் போன ஒரு வரி

நான் அனுப்பிய பேட்ச் (நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) போன வாரம்தான் ஏற்கப்பட்டது. அதில் இருப்பது ஒரே ஒரு கோப்பு, நான் தினமும் பயன்படுத்தும் சின்னக் கட்டளைவரிக் கருவி ஒன்றுக்கான மேன் பக்கம், அதாவது டெர்மினலிலேயே படிக்கும் கையேட்டுப் பக்கம். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் கொள்கைப்படி ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பிழைக்கணக்கில் சேரும். இந்தக் கருவிக்கு இதுவரை இல்லை. நானாகப் போய் "எழுதித் தருகிறேன்" என்றேன்.

தலைப்பு வரி, சுருக்கம், கட்டளையோடு கோடு போட்டுக் கொடுக்கும் ஆப்ஷன்களின் பட்டியல் எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. கருவியின் உதவிச் செய்தியிலிருந்து மேன் பக்கம் உருவாக்கும் ஹெல்ப்2மேன் முதல் வடிவத்தைக் கொடுத்தது, மீதியைக் கையால் எழுதினேன். அனுப்பியதும் கருவியின் பராமரிப்பாளர் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்க வேண்டும். மேன் பக்கம் எழுதுகிறவர்களின் பழைய வழக்கம் இது. பின்னால் யாராவது ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் அந்த ஒரு வரி மட்டும் மாறியதாகக் காட்டும். சரி என்று முழுப் பக்கத்தையும் உடைத்து எழுதி அனுப்பினேன்.

அங்கேதான் வினை. சில நாள் கழித்து, சோதித்துப் பார்த்த நண்பன் கேட்டான்: "அமைப்புக் கோப்பை எங்கே வைப்பது?"

"மேன் பக்கத்தில் இருக்கிறதே, பார்."

"அப்படி ஒரு வரியே இல்லையே."

மூலக் கோப்பைத் திறந்தால் வாக்கியம் பத்திரமாக இருக்கிறது. திரையில் மட்டும் இல்லை. அமைப்புக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். வாக்கியங்களை உடைத்தபோது அந்தப் பெயர் வரியின் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேன் பக்கங்கள் எழுதப்படும் ராஃப் மொழியில் புள்ளியில் தொடங்கும் வரி ஒரு கட்டளை. அந்தப் பெயரில் மேக்ரோ (ராஃபுக்குத் தெரிந்த கட்டளை) எதுவும் இல்லாததால் வரி முழுவதையும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஒற்றை மேற்கோள்குறியில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான். வரியின் தொடக்கத்தில் \& என்ற, திரையில் தெரியாத குறியைப் போட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது. மேன் பக்கங்களைக் காட்டும் மேன்டாக் என்ற கருவியின் லின்ட் சோதனையை (பிழை தேடும் சோதனையை) முதலிலேயே ஓட்டியிருந்தால் அந்த வரி எண்ணோடு சொல்லியிருக்கும். நீங்கள் அதை ஓட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

அடுத்ததும் அதே நண்பனிடமிருந்துதான். பக்கத்தில் இருந்த எடுத்துக்காட்டை அப்படியே காப்பி எடுத்து டெர்மினலில் பேஸ்ட் செய்திருக்கிறான். கருவி அந்த ஆப்ஷனை ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்து, அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. என் கணினியில் அதே எடுத்துக்காட்டு சரியாக ஓடியது. மூன்று நாள் அவன் கணினியையே சந்தேகித்தேன். கடைசியில் அவன் பேஸ்ட் செய்ததை "ஓடி" (od) என்ற கட்டளைக்குக் கொடுத்துப் பைட் பைட்டாகப் பார்த்தோம். கோடு இருக்க வேண்டிய இடத்தில் அதன் எண்ணான 45 இல்லை. 226, 128, 144 என்று மூன்று பைட்டுகள் இருந்தன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத வேறொரு கோடு.

ராஃபில் வெறும் கோடு என்றால் சொற்களை இணைக்கும் கோடு. ஆப்ஷனுக்கு முன்னால் வரும் கோடு வேண்டுமென்றால் \- என்று எழுத வேண்டும். சில லினக்ஸ் விநியோகங்கள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்படி அமைத்திருக்கின்றன, என்னுடையது அதில் ஒன்று. அதனால் என் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் இது அகப்பட்டிருக்காது. நீள ஆப்ஷன் என்றால் இரண்டு கோட்டுக்கும், நடுவில் வரும் கோட்டுக்கும் சேர்த்துப் பின்சாய்கோடு வேண்டும். மொத்தம் 63 இடம் திருத்தினேன்.

பெயர்ப் பகுதியில் இன்னொரு சிக்கல். மேன் கட்டளை பக்கத்தைத் திறக்கிறது, மேன் பக்கங்களில் சொல்லைத் தேடும் அப்ரோபோஸ் கட்டளை மட்டும் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. பெயருக்கும் விளக்கத்துக்கும் நடுவே நான் முக்காற்புள்ளி போட்டிருந்தேன். அங்கே இருக்க வேண்டியது இடைவெளி, கோடு, இடைவெளி. லெக்ஸ்குராக் என்ற குட்டிக் கட்டளைக்குக் கோப்பைக் கொடுத்தால் அந்த வரி புரிகிறதா இல்லையா என்று சொல்லிவிடும். திருத்தியதும், தேடலுக்கான அட்டவணையைப் புதுப்பிக்கும் மேன்டிபியை ஒருமுறை ஓட்டுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது வெளியேறு நிலை, அதாவது நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண் பற்றிய பகுதி. கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையில் பொருந்தினால் 0, பொருந்தாவிட்டால் 1, பிழை என்றால் 2. இந்தக் கருவியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தால், எதுவும் கிடைக்காதபோதும் 1, கோப்பைத் திறக்க முடியாதபோதும் 1. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்? கேட்டேன். பராமரிப்பாளர் மறுநாளே நிரலைத் திருத்தினார், நான் எழுதியிருந்த பட்டியல் உண்மையானது.

இன்று காலை புது ஆப்ஷன் ஒன்றுக்குப் பேட்ச் வந்திருக்கிறது, எனக்குப் பழக்கமில்லாத ஒருவர் எழுதியது. நிரலில் 11 வரி, மேன் பக்கத்தில் 3 வரி. முதலில் மேன் பக்கத்தைத்தான் பார்த்தேன். கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு இருந்தது.