ஈர்க்குச்சியில் கிஷி தேவாலயம்: மூன்றாம் வாரம், சுவர் சாய்ந்தது

மூன்று வாரமாக ஈர்க்குச்சி சீவிக்கொண்டிருக்கிறேன். ரஷ்யாவில், ஒனேகா ஏரிக்குள் இருக்கும் கிஷி தீவின் மரத் தேவாலயத்தைத்தான் செய்கிறேன். அசல் 37 மீட்டர் உயரம், என்னுடையது 37 சென்டிமீட்டர். காரைக்குடியில் பழைய வீடு இடித்த பர்மா தேக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதை 3 மில்லிமீட்டர் உருளையாகக் கடைந்தெடுக்க என்னிடம் மெஷின் கிடையாது. விளக்குமாறு இருந்தது.

முன்பிருந்த கோயில் இடி விழுந்து எரிந்துபோக, 1714-இல் எழுந்தது இது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் படகில் வந்து கூடும் பங்குக் கோயில், அதுவும் கோடைக்கு மட்டும், உள்ளே கணப்பு கிடையாது. குளிர்காலத்துக்குப் பக்கத்திலேயே 1764-இல் இன்னொன்று கட்டினார்கள். ஆணியே அடிக்காத கோயில் என்று பலரும் சொல்வது பாதிதான் சரி. சுவர்க் கட்டைகள் மூலைக்கு மூலை வெட்டுவாயில் கவ்வி நிற்கின்றன, கூரைமேல் வெங்காய வடிவில் நிற்கும் குமிழ்களைப் போர்த்திய ஆஸ்பென் மரச் சில்லுகளுக்கு ஆணி உண்டு. நமக்குப் பெவிகால்.

குமிழ்கள் மொத்தம் 22. "என்னடா இது, சின்ன வெங்காயத்தை அடுக்கி வச்ச மாதிரி?" என்றார் அப்பத்தா. சில்லுக்கு, கொட்டான் முடையும் ஆச்சி ஒருவரிடம் மிச்ச ஓலை வாங்கி நறுக்கி ஒட்டினேன். நன்றாகவே வந்தது.

சொதப்பியது சுவரில். ஈர்க்கு ஒரு முனை தடி, ஒரு முனை மெலிசு, மரமும் அப்படித்தானே? தச்சர்கள் வரிசைக்கு வரிசை அடிமுனையையும் நுனிமுனையையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். நான் யோசிக்காமல் எல்லாத் தடிமுனையையும் ஒரே பக்கம் வைத்துவிட்டேன், இருபது வரிசை ஏறியதும் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

பிரிக்க மனசில்லை. கிஷியிலும் கீழ்க்கட்டைகள் உளுத்துச் சாய்ந்தபோது, 1980களில் உள்ளே இரும்புச் சட்டம் நிறுத்தினார்கள், பிற்பாடு சுவரை ஏழு அடுக்காகப் பிரித்து, மேலே உள்ளதை அந்தச் சட்டத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிச் சரிசெய்து, 2020-இல்தான் முடித்தார்கள். சரி, நாமும் பார்ப்போம் என்று முக்காலியைக் கவிழ்த்து, அதன் கால்களில் நூல் கட்டி மேல் பாதியைத் தொங்கவிட்டேன். வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்துப் பசையை இளக்கி, அடிப் பத்து வரிசையை உருவி முனை மாற்றி அடுக்க ஞாயிறு முழுக்கப் போனது. மூன்று ஈர்க்கு பிளந்தது, ஊறவைத்துவிட்டு வெட்டினால் பிளக்காது என்பது அப்புறம்தான் புரிந்தது.

இன்னும் ஒரு நூலளவு சாய்வு இருக்கிறது, விட்டுவிட்டேன். குமிழ் 9 முடிந்தது, 13 பாக்கி.