எம்.ஜி.பி.யின் நான்கு பிளக்குகளும் ஒரு வயர் கேஜும்

இராயபுரம் வீட்டின் பின்கட்டில் நிற்கும் எங்கள் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மூன்று மாதங்களாக ஒரே குறையைக் காட்டி வந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும். டோல்கேட் தாண்டித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் இழுக்காமல், சிலிண்டரில் கலவை அவ்வப்போது எரியாமல் தவறி மிஸ்ஸிங் அடிக்கும். பெட்ரோல்தான் காரணம் என்று எண்ணி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களின் ஃப்ளோட் சேம்பர்களையும் (பெட்ரோல் தேங்கும் கிண்ணங்களையும்) இருமுறை கழற்றிச் சுத்தம் செய்தேன். பயன் இல்லை.

பளு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் வருகிறது என்பதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கலவையைப் பற்றவைக்கும் பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே ஸ்பார்க் தாவத் தேவைப்படும் மின்னழுத்தம், அம்முனைகளின் இடைவெளியான கேப் கூடினாலும் ஏறும், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினாலும் ஏறும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது கலவை நிறைய உள்ளே நுழைந்து அழுத்தம் மிகுவதால், நின்ற இடத்தில் எளிதாகத் தாவும் ஸ்பார்க் அப்போது தடுமாறுகிறது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டும், அதை உயர் மின்னழுத்தமாக்கும் சாதாரண காயிலும் கொண்ட பழைய அமைப்பில் கூடுதல் மின்னழுத்தத்துக்குப் பெரிய இருப்பு கிடையாது. அதனால்தான் இந்த 1798 சி.சி. எஞ்சினுக்கு 0.025 அங்குலம், அதாவது 0.635 மில்லிமீட்டர் கேப் குறித்திருக்கிறார்கள்.

பிளக்கைத் தொடுவதற்கு முன், பாயிண்டைத் தாங்கி, பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பிரித்துத் தரும் டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டரை) திறந்து பாயிண்ட் கேப்பைப் பார்த்தேன், 0.015 அங்குலம், சரியாகவே இருந்தது. இவ்வண்டி பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) ஆகையால், காயிலின் இணைப்புகள் இடம் மாறியிருந்தால் ஸ்பார்க்குக்கு இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கும். அதையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், ஆறிய எஞ்சினிலிருந்து நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று மாறிப்போகாமல் ஒரு பலகையில் வரிசையாக வைத்தேன். காசிமேட்டுக் கடற்காற்று படும் இடமாதலால் ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதையும் தேய்த்து எடுத்தேன்.

இடைவெளி அளக்கும் தகட்டு ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது நான்கும் 0.65 மில்லிமீட்டர் அளவிலேயே இருந்தன. சென்ற ஆண்டு நானே வைத்த அளவுதான் அது. குழம்பிப்போய், பக்கத்து வீட்டில் இருக்கும், தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரிடம் ஒரு பிளக்கை எடுத்துப்போய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "தகட்ட நம்பாத தம்பி, வயர் விட்டுப் பாரு" என்றார்.

ஓடித் தேய்ந்த பிளக்கில், மைய எலக்ட்ரோடுக்கு நேர் மேலே உள்ள பக்க எலக்ட்ரோடில் சிறு குழி விழுந்துவிடுகிறது. தட்டையான தகடு அக்குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளில் பாலம்போலக் கிடந்து, உண்மையான கேப்பைக் குறைத்துக் காட்டுகிறது. உருண்டையான கம்பி குழிக்குள் இறங்கிவிடும். அன்று மாலையே பிராட்வே போய், லிங்கி செட்டி தெருவில், தகட்டுக்குப் பதில் கம்பிகளால் அளக்கும் ஒரு வயர் கேஜ் வாங்கி வந்தேன். அதை விட்டுப் பார்த்ததில், தகடு 0.65 என்று சொன்ன அதே பிளக்குகள் 0.75, 0.75, 0.85, 0.80 என்று காட்டின. இத்தனை நாளும் கருவியைச் சரியாகப் பிடித்துத் தவறான அளவைப் படித்திருக்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

குழியை அரத்தால் சமன்செய்து பழைய பிளக்குகளையே ஓட்டியிருக்கலாம். மைய எலக்ட்ரோடின் மழுங்கிய விளிம்பை அரத்தால் கூர்மையாக்கினால் ஸ்பார்க் எளிதில் தாவவும் செய்யும். எனினும் புதிய என்.ஜி.கே. பி.பி.6.இ.எஸ். நான்கை வாங்கினேன். புதியது என்பதற்காக அப்படியே மாட்டிவிடக் கூடாது; பெட்டியிலிருந்து எடுத்தபோது அவற்றில் கேப் ஏறக்குறைய 0.8 இருந்தது. பக்க எலக்ட்ரோடை மரப்பலகையில் மெல்லத் தட்டி, 0.60 கம்பி தடையின்றி நுழையவும், 0.65 கம்பி லேசாக உரசவும், 0.70 நுழையாமலும் இருக்கும்படி வைத்தேன். ஒன்றைச் சற்று அதிகமாகத் தட்டிவிட்டு மீண்டும் விரிக்க வேண்டியதாயிற்று. விரிக்கும்போது மைய எலக்ட்ரோடை முட்டுக்கொடுத்து நெம்பவே கூடாது. உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விட்டால் அந்த பிளக் அத்தோடு முடிந்தது.

மரையைக் கையாலேயே முழுதும் ஏற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக இறுக்கினேன். டெல்கோவிலிருந்து வரும் ஒயர்களை, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசைப்படி மாட்டினேன்.

சோதித்துப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்துச் சாலைகள் ஏற்றவையல்ல. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்தால் எந்த பிளக்கும் கரி பிடித்துக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆகவே ஞாயிறு விடியலில் ஜி.என்.டி. சாலையில் சோழவரம் நோக்கி ஓட்டினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்த ஊர் என்பதால், இந்த வண்டியை அங்கே கொண்டுபோவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. நான்காம் கியரில் முழுதாக அழுத்தியபோது ஒரு விக்கல்கூட இல்லை. சாலை காலியாக இருந்த இடத்தில், பளுவில் ஓடியபோது பிளக்கில் படிந்த நிறம் மாறாதிருக்க அதே வேகத்திலேயே கிளட்சை மிதித்து எஞ்சினை நிறுத்தி, ஓரமாக உருளவிட்டு, எஞ்சின் சற்று ஆறியதும் பிளக்குகளைக் கழற்றினேன்.

முதல் இரண்டும், கலவை சரி என்பதைக் காட்டும் இளம் பழுப்பு நிறத்தில், நான் விரும்பியபடியே இருந்தன. மூன்றும் நான்கும் சற்று வெளிறியிருந்தன; கலவையில் பெட்ரோல் குறைவு என்பதன் அடையாளம் அது. பின் கார்புரேட்டர்தான் அவ்விரு சிலிண்டர்களுக்கும் கலவை தருகிறது. இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை மெலிதாக்குகிறது. அடுத்த ஞாயிறு, பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வரும்படி பின் கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு பட்டை கீழே இறக்கி, அதே சாலையில் மறுபடியும் பார்க்க வேண்டும்.